புல்லுருவியைக் கேட்க மறந்தவள்

மருமகள் போனில் வரவழைத்துக் கொடுத்த புத்தகம் இது. "பனி நாட்டுச் சாமிக் கதையாக்கும் மாமி, நேரம் போவும்," என்றாள். பளபளவென்று அட்டை. முகர்ந்து பார்த்தேன், ஒரு வாசனையும் இல்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பழைய கதையைப் புதிதாகச் சொல்கிறார்களாம். சுத்தியல் பிடித்த இடிச்சாமி கண்ணாடி முன்னால் நின்று புஜத்தை முறுக்கிப் பார்க்கிறார். ஒற்றைக்கண் பெரியசாமி வரிக்கு வரி ஜோக் அடிக்கிறார். குழப்பம் செய்யும் சாமி கெட்டுப்போனதற்குப் பத்துப் பக்கம் சமாதானம்: சின்ன வயதில் அவரை யாரும் கவனிக்கவில்லையாம். என்னையும்தான் யாரும் கவனிக்கவில்லை. அஞ்சாம் கிளாஸோடு நிறுத்தி பைண்டிங் வேலைக்கு அனுப்பினார்கள். நான் யார் வீட்டுக்குத் தீ வைத்தேன்?

இந்தச் சாமிகள் எனக்குப் பழக்கமானவர்கள். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் அந்த பைண்டிங் ஷெட். மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை, சோறு தின்னும்போதும் விரலில் மணக்கும். பக்கத்து அச்சகத்தில் இதே கதைகளைத் தமிழில் அடித்தார்கள். பதினாறு பக்கம் ஒரு பாரம். ஒன்று வந்து மடித்தால் அடுத்தது எப்போது வருமோ தெரியாது. மடித்தபடியே வாசிப்பேன். நாலு பேர் முன்னால் நாக்கு எழாத எனக்கு, அச்செழுத்து இருந்தால் மட்டும் குரல் வரும். பக்கத்தில் பசை தடவிக்கொண்டே கேட்பவர் ஸ்டெல்லாக்கா. விழிஞ்ஞம் கடற்கரைக்காரி, எழுத்து தெரியாது. அவர் மகன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

ஒரு பாரத்தில், சாமிகளிலேயே அழகான பிள்ளைக்கு ஆபத்து என்று அவன் அம்மா தீ, இரும்பு, கல், பாம்பு எல்லாவற்றிடமும் சத்தியம் வாங்குகிறாள். மரத்தில் ஒட்டி வளரும் புல்லுருவியை மட்டும், சின்னது என்பதால், கேட்க மறந்துவிடுகிறாள். அதைக் கூராக்கி எறிந்ததில்தான் பிள்ளை சாகிறான்.

"புல்லுருவின்னா நம்ம இத்திக்கண்ணியா? அதயும் ஒரு வாக்கு கேட்டிருக்கக் கூடாதா அவ," என்று ஸ்டெல்லாக்கா பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

உலகத்தில் உள்ளதெல்லாம் அழுதால் பிள்ளை திரும்புவான் என்பதோடு பாரம் முடிந்தது. பத்து நாள் கழித்து அடுத்தது வந்தது. கல்லும் இரும்பும்கூட அழுதன. குகையில் இருந்த ஒரு கிழவி மட்டும் மாட்டேன் என்றாள். பிள்ளை வரவில்லை.

"எடீ, அவன் வந்தானா?"

"வந்துட்டான் அக்கா."

"எங்க எழுதியிருக்கு? வாசி."

இடிச்சாமியின் ஆட்டு வண்டி பற்றிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, பிள்ளை வீடு வந்து அம்மா கையால் மீன்கறி தின்றதாக வாசித்தேன்.

"அங்கயும் மீனு உண்டல்லே," என்றார் ஸ்டெல்லாக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசிப் பாரத்தில் உலகம் எரிந்து கடலில் மூழ்கி, மறுபடி பச்சையாக எழும்புகிறது. அந்தப் புது மண்ணில் அந்தப் பிள்ளை நடந்து வருகிறான். நிஜமாகவே எழுதியிருந்தது. மை படர்ந்து கழித்த தாள் ஒன்றை, அக்காவுக்கு வாசித்துக்காட்ட, இடுப்பில் செருகி வைத்தேன். அதற்குள் அவர் வேலையை விட்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தார். எந்த ஊர் என்று முதலாளியிடம் கேட்க எனக்கு வெட்கம். வெட்கப்பட வேறு நேரம் கிடைக்கவில்லை.

புதுப் புத்தகத்தில் உலகம் எரிய மட்டும் நாற்பது பக்கம். பிள்ளை திரும்புவதைத் தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. இந்தக் காலத்துக்கு அது ஒத்துவராது என்று எடுத்துவிட்டாராம் எழுதினவர், முன்னுரையில் பெருமையாகச் சொல்கிறார். அந்த அம்மா புல்லுருவியை விட்டது மறதியில். இவர் தெரிந்தே விட்டிருக்கிறார்.

ஷெட் இருந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். ஸ்டெல்லாக்கா கடலைப் பார்த்து நின்ற விழிஞ்ஞம் கரையில் துறைமுகக் கிரேன்கள் நிற்கின்றன. அந்தத் தாள் ஏதோ ஒரு மழையில் வீட்டுக்குள் வந்த வெள்ளத்தில் கரைந்தது. கடைசியில் பிள்ளை வந்துவிடுவான் என்று மருமகளிடம் சொன்னேன். அவள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள்.

"இதில அப்படி இல்லியே மாமி," என்றாள்.