அந்தோணியாரைக் கரடேற்றுகிறவர்

பச்சை விளக்கு விழுந்த பிறகும் ஜெரோம் குனிந்தபடியேதான் இருப்பார். பீளமேட்டு சிக்னலில், ஸ்கூட்டரில் உட்கார்ந்த வாக்கிலேயே இடுப்பை வளைத்து, முன்னால் நிற்கும் வண்டியின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். லாரியோ, தண்ணீர் வண்டியோ, கல்லூரிப் பேருந்தோ, எதுவானாலும் சரி, பின்சக்கரங்களுக்கு நடுவே பூசணிக்காய் போலத் தொங்கும் அந்த இரும்பு உருண்டையைக் கண்ணால் கண்டுவிட வேண்டும். பின்னால் நிற்பவர்கள் ஹாரனை அலற விடுவார்கள். பின்சீட்டில் இருக்கும் மனைவி அருள்செல்வி முழங்கையால் விலாவில் ஒன்று வைப்பார். "ஏனுங்க, பொண்ணு பாக்க வந்தவராட்ட அப்பிடி என்னத்தப் பாக்கறீங்க? எடுங்க வண்டிய."

எடுப்பார். ஆனால் அடுத்த சிக்னல் வரைக்கும் பேச்சு அந்த உருண்டையைப் பற்றித்தான். அதற்குள் இருக்கிற பல்சக்கரம் எப்படிப்பட்டது, அது எஞ்சின் சுற்றும் வேகத்தை எவ்வளவு குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும் என்று காற்றோடு காற்றாகச் சொல்லிக்கொண்டே போவார். அருள்செல்வி 'உம்' கொட்டியபடியே ராத்திரிக்கு என்ன குழம்பு வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டு வருவார்.

ஜெரோம் ஐம்பதைத் தொட்ட ஆள். கிரைண்டர் கம்பெனி ஒன்றில் கல் பொருத்துகிற வேலை. குடியிருப்பது மதுக்கரையில். பரம்பரையாகத் தோட்டக் கூலிக்குப் போன குடும்பம். அவருடைய அப்பா சந்தியாகுவுக்கு ஒரு சைக்கிள்கூடச் சொந்தமாக இருந்ததில்லை. மகனிடம் ஜீப்பே இருக்கிறது. அந்தப் பெருமையை அவர் வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஜீப்புக்கு அடியில் நுழைந்துவிடுவார், அவ்வளவுதான். கிரீஸ் படிந்த சட்டைகளைத் துவைத்துத் துவைத்தே தன் ஆயுசு போய்விட்டதாக அருள்செல்வி கேட்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாமுங்க" என்பார். குழாய் ஒழுகினாலும் பாத்துக்கலாமுங்க, மகளுக்கு மாப்பிள்ளை கேட்டு ஆள் வந்தாலும் பாத்துக்கலாமுங்க. கடைசியில் எப்படியோ பார்த்தும்விடுவார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மனிதருக்கு அநியாயம் செய்தது மாதிரி ஆகிவிடும்.

ஜீப் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான், ஆனால் சின்னஞ்சிறு பெட்ரோல் எஞ்சின். எதிர்வீட்டுக்காரர் அதைச் சுண்டெலி என்பார். ஜெரோமுக்குக் கோபம் வராது. "சுண்டெலிதானுங்க. ஆனா அந்தோணியாரையே சொமக்கற சுண்டெலி" என்பார். அது உண்மைதான். வருசம் முழுக்கத் தகரக் கொட்டகையில் கிடக்கிற அந்த வண்டிக்கு, சூன் மாதம் அந்தோணியார் திருவிழாவன்றுதான் உத்தியோகம். அன்றைக்கு அந்தோணியாரின் சுரூபத்தை, அதாவது சிலையை, பின்னால் சப்பரம் கட்டி ஏற்றிக்கொண்டு, ஊருக்குப் பின்னால் உள்ள பாறைக் கரட்டின் உச்சிக்கோயிலுக்கு ஏற வேண்டும்.

இதற்குப் பின்னால் ஒரு பொருத்தனை உண்டு. மகள் லின்சி கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் கண்டு, கண்ணையே திறக்காமல் கிடந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு ஜெரோம் அந்தோணியாரிடம் ஒப்பந்தம் போட்டார்: பிள்ளை கண் முழிச்சா, உசுரு உள்ளவரைக்கும் வருசா வருசம் உங்களைக் கரட்டு மேலே கூட்டிட்டுப் போறேன். பிள்ளை முழித்தது. இப்போது செவிலியர் படிப்புப் படிக்கிறது. காய்ச்சலை இறக்கியது டாக்டர், பெயர் அந்தோணியாருக்கா என்று அப்பாவைச் சீண்டுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஜெரோம் சிரித்துக்கொள்வாரே தவிர, ஒப்பந்தத்தில் ஒரு வருசம்கூடத் தவறியதில்லை.

சனி பிடித்தது டயரில். பவனியில் பின்வரிசையில் நடப்பவர்களுக்கு அந்தோணியார் முகம் தெரியவில்லை என்று யாரோ சொல்லப்போக, ஜெரோம் போன வருசம் ஜீப்புக்குப் பெரிய பெரிய டயர்களாக மாட்டிவிட்டார். வண்டி எழும்பி நின்றது. அந்தோணியாரும் உசரமாகத் தெரிந்தார். வண்டியை ஓட்டி வந்த ஜெரோமும் உசரமாகத்தான் தெரிந்தார். சாமிக்காக மாட்டினதா, உங்களுக்காக மாட்டினதா என்று அருள்செல்வி கேட்டபோது, ஜெரோம் டயருக்குக் காற்றுப் பார்க்கக் குனிந்துகொண்டார்.

பவனி என்பது மனிதர் நடக்கிற வேகத்தில் போக வேண்டிய சங்கதி. முன்னால் பங்குச் சாமியார் தூபம் போட்டுக்கொண்டு போவார், இரண்டு பக்கமும் சனங்கள் ஜெபமாலை சொல்லியபடி நடப்பார்கள். பெரிய டயரோ ஒரு சுற்றுக்கு அதிக தூரம் ஓடும். மெதுவாகப் போனால் சுண்டெலிக்கு மூச்சு முட்டும். வேகமாகப் போகலாம் என்றால் முன்னால் சாமியார். ஜெரோம் கிளட்சைப் பாதி மிதித்தபடியே வண்டியைத் தம் பிடித்து ஏற்றினார். பாதி வழியில் சாம்பிராணி வாசனையை மீறிக் கிளட்ச் கருகும் நாற்றம் கிளம்பியது. செங்குத்தான திருப்பத்தில் வண்டி செத்து, ஒரு முழம் பின்னால் உருண்டு நின்றது. சப்பரத்தில் சுரூபம் சாய்ந்து, நாலு பேர் ஓடிவந்து தாங்கிப் பிடித்தார்கள். பிறகு அதே ஊர் இளவட்டம் லியோவின் டிராக்டர் வந்து, சங்கிலி போட்டு, அந்தோணியாரையும் ஜெரோமையும் சேர்த்தே மேலே இழுத்துக்கொண்டு போனது.

ஒருவராவது திட்டியிருந்தால் ஆறியிருக்கும். நம் ஊர்ச் சனங்களுக்கு அந்தப் பழக்கம் ஏது? ஒவ்வொருவராக வந்து "பரவாயில்லீங்க, பரவாயில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு பரவாயில்லைக்கும் மனிதர் ஒரு சுற்று இளைத்தார்.

இந்த வருசம் பங்குக் கோயில் கூட்டத்தில், இனிமேல் டிராக்டரே இருக்கட்டும் என்ற பேச்சு வந்தது. லியோ நல்ல பிள்ளை, முந்திக்கொண்டு கேட்கவில்லை, மற்றவர்கள்தான் சொன்னார்கள். ஜெரோம் எழுந்து நின்றார். பொருத்தனை விசயம் எல்லோருக்கும் தெரியும், அதனால் அதைச் சொல்லவில்லை. ஒரு வாய்ப்பு மட்டும் கொடுங்க சாமி என்றார். திருவிழாவுக்கு முந்தைய ஞாயிறன்று ஓட்டிக்காட்ட வேண்டும், தவறினால் டிராக்டர் என்று சாமியார் முடிவு சொன்னார்.

பாலக்காட்டு ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் கருப்புசாமி, டயரைச் சிறிதாக்கிவிட்டால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது என்றார். அந்தோணியாரைக் கீழே இறக்குவதாவது! அது மட்டும் முடியாது என்று ஜெரோம் சொல்லிவிட்டார். அப்படியானால் உருண்டைக்குள் இருக்கிற பல்சக்கர ஜோடியை மாற்ற வேண்டும் என்றார் கருப்புசாமி. வளர்ந்த ஆள் எடுத்து வைக்கிற எட்டு நீளம், மேட்டில் சுமையோடு ஏறும்போது எட்டைக் குறுக்கித்தானே வைப்பான், பல்சக்கரத்தை மாற்றினால் பெரிய டயரும் குறுக்கெட்டு வைக்கும் என்று விளக்கினார். முன்னாலும் ஒரு உருண்டை, பின்னாலும் ஒரு உருண்டை. இரண்டையும் சேர்த்து மாற்றச் சொன்னார்.

உக்கடம் பழைய இரும்புக் கடையில் பின்பக்கத்து ஜோடி மட்டும் கிடைத்தது. ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. முன் சக்கரம் சும்மா துணைக்கு வருகிறதுதானே, அதைப் பிறகு பாத்துக்கலாமுங்க என்றார் ஜெரோம். கருப்புசாமி தலையில் கை வைத்தார். "ங்ணா, ஒரு மாடு தோட்டத்துக்கு இழுக்கும், ஒரு மாடு ஊட்டுக்கு இழுக்கும், சொல்லிப்போட்டேன்." சொன்னாரே தவிர, மறுக்க வாய் வராமல் மாட்டியும் கொடுத்துவிட்டார்.

ஞாயிறு காலை, பூசை முடிந்து சனமெல்லாம் கோயில் வாசலில் நிற்க, சிமெண்ட் தளத்தில் ஜெரோம் ஜீப்பைக் கிளப்பினார். நாலு சக்கரமும் இழுக்கிற லீவரைப் போட்டதுதான் தாமதம், பின்சக்கரம் நடக்க, முன்சக்கரம் ஓட, டயர்கள் கிறீச்சிட்டு வண்டி விம்மி விம்மி நகர்ந்தது. கொடிமரத்தைத் தாண்டும் முன்பே இறுகி நின்றுவிட்டது. லீவரை எடுக்கப் பார்த்தால் அது வரவில்லை. சாமியார் அங்கியை மடித்துக்கொண்டு உள்ளே போனார். சனம் வழக்கம் போல வந்து பரவாயில்லீங்க சொன்னது.

அன்று மத்தியானம் ஜெரோம் சோற்றில் கை வைக்கவில்லை. அருள்செல்விக்குத்தான் பொறுக்கவில்லை. பின்பக்கத்து ஜோடி எந்த வண்டியிலிருந்து வந்ததோ அந்த வண்டியில்தானே முன்பக்கத்து ஜோடியும் இருக்கும், கடைக்காரரைக் கேளுங்கள் என்றார். கேட்டார்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் அந்தப் பழைய ஜீப் முன்பாதியோடு கிடக்கிறது என்று தெரிந்தது. மறுநாளே வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஜெரோம் ஓடினார்.

தோப்புக்காரி பாவாத்தாள் அறுபது தாண்டிய அம்மாள். இளநீர் வெட்டிக் கொடுத்தார், விசயத்தைக் கேட்டார், தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரே ஒரு சிக்கல். "கோழி உள்ள அடை உக்காந்திருக்குதுங்க தம்பி. வண்டிய அசைச்சா எந்திரிச்சுப் போயிரும். வெள்ளிக்கெழமைக்குள்ள பொரிச்சுரும், பொறவு நீங்க முழு வண்டியவே கழட்டிட்டுப் போங்க." திருவிழா சனிக்கிழமை. வேறு யாராக இருந்தாலும் கோழியைத் தூக்கிக் கூடையில் போட்டிருப்பார்கள். ஜெரோம் எட்டிப் பார்த்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே, சிறகை விரித்துக்கொண்டு அது அவரை முறைத்தது. பாத்துக்கலாமுங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க, கிரைண்டர் கல்லுக்கு நடுவே நின்றுகொண்டு போன் போட்டு, "அம்மணி, குஞ்சு பொரிச்சுதுங்களா?" என்று கேட்டபடியே இருந்தார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்குப் பேரன் பேத்தி பிறக்கப்போகிறது என்றே நினைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை பாவாத்தாளே கூப்பிட்டுச் சேதி சொன்னார். சாயங்காலம் ஜோடி பட்டறைக்கு வந்தது. சனிக்கிழமை மத்தியானம் கருப்புசாமி கடைசி போல்ட்டை முறுக்கினார்.

இனி ஓட்டிப்பார்க்க நேரமில்லை. கோயில் வாசலில் ஜீப்போடு வந்து நின்ற ஜெரோமைச் சாமியார் ஏற இறங்கப் பார்த்தார். சட்டையெல்லாம் கிரீஸ். என்ன நினைத்தாரோ, சரி என்றார்; ஆனால் சங்கிலியோடு லியோவின் டிராக்டர் பின்னாலேயே வரும், வண்டி ஒருமுறை நின்றாலும் அத்தோடு சரி, அடுத்த வருசத்திலிருந்து டிராக்டர்தான் என்றும் சொன்னார். ஜெரோம் தலையாட்டினார். அந்தோணியார் முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பொழுது சாய, தென்மேற்குக் காற்றோடு சாரலும் சேர்ந்துகொண்டது. பவனி கிளம்பியது. ஜெபமாலைச் சத்தத்தின் மேல் ஏறிக்கொண்டு லியோவின் டிராக்டர் பின்னால் படபடத்து வந்தது. அந்தச் சத்தம் பிடரியிலேயே அடிப்பது போல இருந்தது ஜெரோமுக்கு. அவர் பக்கத்துக் கதவை ஒட்டி, வெறுங்காலோடு அருள்செல்வி நடந்துகொண்டிருந்தார். கையில் மெழுகுவத்தி, காற்று இரண்டு தரம் அணைத்தது, இரண்டு தரமும் பக்கத்தில் வந்தவர்களிடம் பற்றவைத்துக்கொண்டார்.

போன வருசம் மானம் போன திருப்பம் வந்தது. பாறையில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சனம் ஜெபத்தை விட்டுவிட்டு ஜீப்பையே பார்த்தது. ஜெரோம் சிலுவை போட்டுக்கொண்டு, சின்ன கியரில் வண்டி தானாகவே ஏறட்டும் என்று இரண்டு பாதத்தையும் பெடல்களை விட்டு எடுத்தார். சுண்டெலி ஒரு முனகல் முனகியது. பிறகு தலைச்சுமையோடு சந்தைக்குப் போகிறவள் மாதிரி, அவசரமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல், குறுக்கெட்டு வைத்து ஏறிக்கொண்டே போனது. சாமியார் நடந்த வேகம்தான் அதன் வேகமும். கருகல் நாற்றம் இல்லை. சப்பரத்துப் பூ ஒன்றுகூட உதிரவில்லை.

லியோ டிராக்டரை ஓரமாக நிறுத்தி அணைத்துவிட்டு, இறங்கிச் சனத்தோடு சேர்ந்துகொண்டார். அதன் பிறகுதான் ஜெபமாலை முழுசாகக் காதில் விழுந்தது. ஜெரோமின் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

திருப்பத்துக்கு மேலே பாதை நேராகி, ஏற்றமும் தணிந்து, உச்சிக்கோயில் வாசல்வரை போகிறது. ஜீப் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. ஜெரோம் செருப்பை உள்ளேயே கழற்றிவிட்டு, கதவைத் திறந்து, மெல்லக் கீழே இறங்கினார். ஓடும் வண்டியிலிருந்து மனிதர் இறங்குகிறாரே என்று அருள்செல்வி பதறி இரண்டடி விலக, அந்த இடைவெளியில் வந்து சேர்ந்துகொண்டார். இடதுகை திறந்த கதவு வழியாக ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது. வலதுகையைக் குவித்து, அருள்செல்வியின் மெழுகுவத்திக்குக் காற்றை மறைத்தபடி நடந்தார்.