டொமினிக் கப்பல் ஏறாத வருடம்

காலையில் எழுந்ததும் டொமினிக் முகம் கழுவப் போவதில்லை. முதலில் கட்டிலை விரிப்பார். விரிப்பை இரண்டு கைகளாலும் உதறி, அது காற்றில் ஒரு கணம் நின்று இறங்குவதற்குள் நடுமடிப்பைக் கட்டிலின் நடுவுக்குக் கொண்டுவந்து விடுவார். கால்மாட்டு மூலைகளை முக்கோணமாக மடித்து மெத்தைக்கு அடியில் செருகுவார். கடைசியில் புறங்கையால் மேலிருந்து கீழாக ஒரு தரம் நீவுவார். உள்ளங்கையால் நீவினால் வியர்வை படும். தன் பக்கம் முடிந்ததும் சுற்றிப்போய் மற்றப் பக்கத்தையும் அதே கவனத்தோடு செய்வார். அந்தப் பக்கத்தில் இப்போது யாரும் படுப்பதில்லை.

உல்லாசக் கப்பலில் பயணிகளின் அறைகளைத் துப்புரவு செய்வது அவருடைய வேலை. வருடத்தில் பெரும்பகுதி கடலில் போகும். மிச்ச நாட்கள் மட்டக்களப்புத் தாண்டவன்வெளியில், வாவிக் காற்று நேரே நுழையும் குறுகிய ஒழுங்கையொன்றின் வீட்டில். மனைவி செசீலியா உடுப்புத் தைப்பார். பிள்ளைகள் இல்லை. அவர் கடலில் நிற்கும் மாதங்களில் அந்த வீட்டில் தையல் மெஷினின் சத்தம் மட்டும் இருக்கும்.

2020 மாசியில் விடுமுறை முடிகிற நேரம் கொழும்பு முகவர் கோல் எடுத்து, கப்பலுக்கு ஆயத்தமாகச் சொன்னார். அதே கிழமை யப்பான் துறைமுகமொன்றில் ஒரு கப்பலைப் பயணிகளோடு மறித்து வைத்திருப்பதைத் தொலைக்காட்சி காட்டியது.

"இஞ்ச பாருங்க, ஆக்கள உள்ளுக்க வெச்சி அடைச்சிருக்கானாம். இதுக்குள்ளயா போகப் போறீங்க?" செசீலியா மெஷினிலிருந்து காலை எடுக்காமலே கேட்டார்.

"அது வேற கப்பல் புள்ள."

"கப்பல்தான் வேற. கடல் ஒண்டுதானே?"

டொமினிக் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து அவருடைய மனசுக்குள் தராசு ஆடத் தொடங்கியது. கப்பலில் டாக்குத்தர் உண்டு, மருந்து உண்டு, கைபிடிக் கம்பியைக்கூட நாளுக்குப் பல தரம் துடைப்பார்கள். ஊரில் ஒரு கட்டில் கிடைக்க ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டும். ஆனால் வேலைக்காரர் படுக்கிற அறைகள் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தன. யன்னல் கிடையாது. மேலும் கீழுமாக இரண்டு பலகைக் கட்டில். ஒரே குழாயில் வருகிற குளிர்காற்றைத்தான் எல்லா அறையும் சுவாசித்தது. முந்தின வருடம் ஒருவருக்கு வந்த வயிற்றோட்டம் மூன்று நாளில் ஒரு தளத்தையே படுக்கையில் போட்டதை அவர் கண்டிருந்தார். பனிக்காலத்தில் அவருக்கு மூச்சுமுட்டு வேறு இழுக்கும்.

காத்தான்குடி ஷிஹான், டொமினிக் ஏறவிருந்த கப்பலில் இயந்திரப் பகுதியில் இருந்தான். அவன் ஏற்கெனவே ஏறிவிட்டான். அங்கிருந்து கோல் எடுத்துப் பேசினான்.

"வாங்க அண்ண, இஞ்ச வாசல்லயே காய்ச்சல் பாக்கிறாங்க. ஊர விட இது பத்திரம்."

"உனக்கு இளம் ரத்தம் தம்பி. என்ட நெஞ்சப் பத்தி உனக்குத் தெரியும்தானே?"

"நெஞ்சில்ல அண்ண, அக்காட சோறு. அத விட்டுட்டு வர மனமில்ல எண்டு சொல்லுங்க."

இரண்டையும்தான் நினைத்தார் டொமினிக். முகவரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டார். அந்த இடம் கையை விட்டுப் போனது. கப்பல்காரக் கூட்டாளிகளின் வட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகினார். பயந்து நின்றவன் என்று யாராவது பகிடி பண்ணினால் பதில் சொல்ல முடியாது என்று பட்டது.

செசீலியாவுக்குச் சந்தோசம். அதற்கு இன்னுமொரு காரணமும் இருந்தது. தவக்காலத்தில் அந்த ஒழுங்கைப் பெண்கள் வீடு வீடாக முறை வைத்து, இயேசுவின் பாடுகளை ஒப்பாரியாகப் பாடுவார்கள். பாட்டுக்காரரைச் சிலுவையோடு வாசலில் நின்று அழைத்துப் போவது வீட்டுக்காரரின் கடமை. அதனால் ஆண் வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்கு முறை கொடுப்பதில்லை. செசீலியாதான் பாட்டை எடுத்துக் கொடுப்பவர். ஆனால் இத்தனை வருடத்தில் அவருடைய வீட்டில் ஒருமுறையும் பாடியதில்லை.

"இந்த முறை நம்மட வீட்டிலயும் பாடலாம் என்ன?" என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டார்.

ஆனால் அந்தப் பங்குனியில் ஊரடங்கு வந்தது. சிலுவை கோயிலுக்குள்ளேயே இருந்துவிட்டது. டொமினிக்கைக் கண்டால் சனம் வேலிக்கு மேலால் கூப்பிட்டுச் சொன்னது: "நல்ல காலம் அண்ண, நீங்க போகல்ல. மூளைசாலிதான்." கைகழுவும் முறை, கதவுப் பிடி துடைக்கும் முறை எல்லாம் அவரிடம் கேட்டுச் செய்தார்கள். தராசு சரியாகத்தான் காட்டியிருக்கிறது என்று அவரும் நம்பினார்.

அடுத்த வருடத் தவக்காலத்தில் கெடுபிடி கொஞ்சம் தளர்ந்திருந்தது. வீடுகளில் கூட்டம் கூடக் கூடாது என்பது மட்டும் இருந்தது. முறை செசீலியாவின் வீட்டுக்கு வந்தது.

"கொஞ்சப் பேரோட பாடுவம். கோயிலுக்குப் போறதுக்கு இது பரவால்லதானே?"

டொமினிக் யோசித்தார். ஒரு வருடமாக அவர் காத்த ஒழுங்கு ஒருபக்கம், செசீலியாவின் முகம் மறுபக்கம். "வாசல்ல கை கழுவிப்போட்டுத்தான் வரவேணும்" என்றார். அவ்வளவுதான் தடுத்தார்.

பின்நேரம் பெண்கள் வந்தார்கள். டொமினிக் சிலுவையை ஏந்தி முன்னால் நடந்து அவர்களை உள்ளே அழைத்தார். செசீலியாவின் கூட்டாளி மேர்லின், "டொமினிக் அண்ண, உங்கட கப்பல்ல வெள்ளைக்காரிகள் பாடுற கச்சேரிக்கு நாங்க பரவால்லயா?" என்று கேட்டுச் சிரிப்பு மூட்டினார். பிறகு பாட்டுத் தொடங்கியதும் எல்லாச் சிரிப்பும் அடங்கியது. செசீலியாவின் குரல் மேலே போய், எட்டாத இடமொன்றைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. இந்தக் குரலைக் கேட்காமல்தானா இத்தனை வருடம் கடலில் கிடந்தோம் என்று டொமினிக் நினைத்தார்.

அப்போது சந்தியில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

"பி.எச்.ஐ போல கிடக்கு," என்று, கூட்டம் பிடிக்க வரும் சுகாதாரப் பரிசோதகரை நினைத்து யாரோ குசுகுசுத்தார்கள். "பாட்டு வெளிய கேக்கப் போகுது."

"நிப்பாட்டுவமா?" என்றார் மேர்லின்.

"ஏங்கா நிப்பாட்டுற? அரைவாசியில நிப்பாட்டப்படா," என்றார் செசீலியா. கணவனைப் பார்த்தார்.

டொமினிக் எழுந்து யன்னல்களைச் சாத்தினார். வாவிப் பக்க யன்னலையும், ஒழுங்கைப் பக்க யன்னலையும். கதவின் கீழ் இடைவெளிக்கு ஒரு துணியையும் வைத்தார். மோட்டார் சைக்கிள் நிற்காமல் போனது. யன்னலை யாரும் திறக்கவில்லை. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, வியர்க்க வியர்க்க, பாட்டு முடியும்வரை பாடினார்கள்.

முதலில் மேர்லினுக்கு இருமல். பிறகு செசீலியாவுக்கு. பிறகு டொமினிக்குக்குக் காய்ச்சல். முட்டுக்காரர் அவர்தான், ஆனால் அவர் எழும்பிவிட்டார். அம்புலன்சில் ஏற்றும்போது செசீலியா, "அடுப்பில கொத்தமல்லி வெச்சிருக்கன், ஆறுமுன்னம் குடிங்க" என்றார். பெரிய வியாழனுக்கு முன்பே செசீலியா போய்விட்டார். கொரோனாவில் இறந்தவர்களுக்கென ஒதுக்கிய ஓட்டமாவடி மையவாடியில் அடக்கம் செய்தபோது டொமினிக் தனிமைப்படுத்தல் நிலையத்தில் இருந்தார்.

நோய் எங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரியும். காற்றில்லாத அறையில் நிற்கும். அதற்குப் பயந்துதான் கப்பலை விட்டார். அந்த அறையை வாவிக்கரையில், தன் கையாலேயே செய்தார். பாதிரியார் ஆறுதல் சொன்னார், மேர்லின் வந்து அழுதார். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அது அவருக்கு ஒத்தாசையாக இல்லை.

2022 தொடக்கத்தில்தான் ஷிஹான் ஊருக்கு வந்தான். செய்தி கேள்விப்பட்டு, பேரீச்சம்பழப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். பெட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தான்.

"நீ எப்பிடித் தம்பி தப்பின?" டொமினிக்தான் கேட்டார்.

"பயணிகள இறக்கினாப் பொறகு கப்பல நடுக்கடல்ல நிப்பாட்டிட்டாங்க அண்ண. வீட்ட போக விரும்பின ஆக்கள மெல்ல மெல்ல அனுப்பினாங்க. நின்ட ஆக்களுக்குக் கீழ்த்தட்டுக் காம்பரா இல்ல. மேல, பயணிகள்ற அறை. ஆளுக்கு ஒண்டு, கடலப் பாத்த பல்கனியோட. அறை துப்புரவுக்குப் பழைய ஆள் ஒருத்தர் வேணுமெண்டு தேடினாங்க. உங்கட பேரத்தான் முதல்ல சொன்னாங்க."

"எவ்வளவு காலம்?"

"கிட்டத்தட்ட ரெண்டு வருசம்."

"கொரோனா வருத்தம்?"

ஷிஹான் பேரீச்சம்பழப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினான். பொய் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை.

"ஒருத்தருக்கும் வரல்ல அண்ண."