உளிச் சத்தம் வரவில்லை

ஷம்ஸியாவின் கணவர் கொத்தனார். இருபத்தாறு வருஷம் அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்ததில் பாதி வேலை அவளுக்கும் தெரியும். கூரைத் தளத்துக் கம்பி துருப்பிடித்துப் பூச்சு உப்பிவிட்டால், உளியால் கொத்திப் பழையதை எல்லாம் கீழே தள்ள வேண்டும். துருவைத் தேய்த்தெடுக்க வேண்டும். அப்புறம்தான் பூச்சுக் கரண்டியைத் தொட வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்த மனுஷன் நெஞ்சு வலித்து இறந்து அறுபது நாள் ஆகியிருந்தது. மேலப்பாளையத்து வாடகை வீட்டின் உள்ளறையில் அவள் இத்தா இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது.

அப்போது பார்த்துத்தான் வீட்டுச் சொந்தக்காரர் காஜா முகைதீன் பெரிய மனது பண்ணி, உப்பிக் கிடந்த முன்னறைத் தளத்தைப் பூச ஆள் அனுப்பினார். சாமான் வாங்கித் தந்தால் தானே பூசிக்கொள்வதாகக் கணவர் மூன்று வருஷம் கெஞ்சியபோது எங்கே போயிருந்ததோ அந்த மனது.

உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு முன்னறையில் வேலை நடந்தது. ஏணி இழுபடுவது கேட்டது. கலவை குழைப்பது கேட்டது. அடுத்து நேராகக் கரண்டி உரசியது. உளிச் சத்தம் வரவே இல்லை.

“மைனி, அவன் கொத்தாமலே பூசுதான். ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருதேன்” என்று எழுந்தாள்.

கணவரின் அக்கா ஷரீபா பீவி கதவை மறித்து நின்றாள். “இத்தாவுல இருக்கவ அந்நிய ஆம்பளைகிட்ட மல்லுக்கு நிக்கப் போறியா? எந் தம்பிக்கு நீ செய்யுத மரியாதை இதுதானா? பைய உக்காரு.”

தம்பி என்றதும் ஷம்ஸியா உட்கார்ந்துவிட்டாள்.

சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்து இலை வாங்கப் போயிருந்த மகள் ரைஹானத் சாயங்காலம் வந்து அண்ணாந்து பார்த்தாள். “வழுவழுன்னு நல்லாத்தானே இருக்கு உம்மா.”

“அதுக்கடியில உக்காராத.”

“அங்கனதான வெளிச்சம் இருக்கு? இலை வெட்ட வேண்டாமா?”

வீட்டுக்காரருக்குப் போன் போடலாமா என்று ஷம்ஸியா இரண்டு தடவை நினைத்தாள். இத்தா முடியட்டும், நேரில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். தளமும் அதுவரை பொறுத்திருக்கும் என்று எப்படித்தான் நம்பினாளோ.

பூசிய இருபதாம் நாள் பகல் பதினோரு மணிக்குத் தளம் பெயர்ந்து விழுந்தது. ரைஹானத் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். தலை தப்பியது. வலது கையில் மூன்று விரல் நசுங்கிப் போயின. இனி பழையபடி மடங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வாப்பா போன பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த விரல்களால்தான்.

மறுநாள் காஜா முகைதீன் அதே கொத்தனாரோடு வந்தார். “ஏதோ நேரம் சரியில்ல. இந்தத் தடவ நல்லாப் பூசிருவோம்” என்று முன்னறையில் அவர் சொன்னது உள்ளே கேட்டது.

ஷம்ஸியா முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்தாள். ஷரீபா பீவி இந்தத் தடவை மறிக்கவில்லை.

முன்னறைக்கு வந்தவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மூலையில் கிடந்த ஒட்டடைக் கம்பைத் திருப்பிப் பிடித்து, மிச்சமிருந்த தளத்தைத் தட்டிக்கொண்டே போனாள். தட்டிய இடமெல்லாம் பானையைத் தட்டியதுபோல் கேட்டது. “இங்கன காலி. இங்கனயும் காலி. கொத்தவே இல்ல. அன்னைக்கே எனக்குத் தெரியும்.”

கொத்தனார் தலையைச் சொறிந்தார். காஜா முகைதீனுக்கோ பிடி கிடைத்துவிட்டது. “தெரியும்னா அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?”

அந்த ஆளுக்குக் கூசவில்லை. ஆனால் கேள்வி அவளைக் குத்தியது. உள்ளறைப் பாயில் ரைஹானத் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, உம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லிருக்கணும்” என்றாள் ஷம்ஸியா. கம்பைச் சுவரில் சாய்த்தாள். “இப்ப சொல்லுதேன். உளிய எடுங்க. முடியுத வரைக்கும் நான் இங்கனதான் நிப்பேன்.”

இத்தா முடிய இன்னும் நாற்பத்தொன்பது நாள் இருந்தது. அவள் நின்றாள்.