அம்மாவின் கால்வலியை மறக்காதவர்

அவர் எங்கள் பிரதேச சபை உறுப்பினர். சாயம் பூசிய மீசை, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. தேர்தலுக்குத் தேர்தல் கட்சியும் தோளில் கிடக்கும் சால்வையின் நிறமும் மாறும். பழக்கம் மட்டும் மாறாது. யாரைக் கண்டாலும் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, வீட்டில் சுகமில்லாதவரைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பார்.

இந்த முறையும் இரத்தோட்டை நகரிலிருந்து மேலேறி, தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளாய் இருக்கும் எங்கள் லயத்துக்கு வந்தார். என் கையைப் பிடித்தார்.

"அம்மாவுக்குக் கால்வலி எப்படி தம்பி இருக்கு?"

"நடக்க முடியலைங்க. ஆட்டோ இங்க ஏறாது, கிளினிக்குக்குத் தூக்கிக்கிட்டுத்தான் போறோம். போன தடவை ரோடு போட்டுத் தர்றேன்னு சொன்னீங்களே?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"அது அந்தக் கட்சியில இருந்தப்ப சொன்னது தம்பி. அவங்கதானே பதில் சொல்லணும்? நான் இப்ப அங்க இல்லையே."

கோபப்படலாமென்றால், என் கை இன்னும் அவர் கைகளுக்குள்தான் இருந்தது.

அவர் அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும், உள்ளே கட்டிலில் கிடந்த அம்மா கூப்பிட்டாள்.

"பாவம், என் காலை இன்னும் ஞாபகம் வச்சிருக்காரு. இப்ப எந்தச் சின்னம்னு கேட்டியா?"