தரையில் ஓட்டை வைத்த குடிசை

அந்த ஐப்பசியில் என் நைனாவின் வலது கை உடைந்தது. ஒல்லாந்தர் கப்பல்கள் பழவேற்காட்டுக் கரையை நெருங்க முடியாமல் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். துணிக் கட்டுகளைப் படகில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கப்பலில் சேர்ப்பதுதான் நைனாவின் வேலை. ஒரு நாள் அலை படகைக் கவிழ்த்து நொறுக்கியது. படகுக்கும் மணலுக்கும் நடுவே கை மாட்டிக்கொண்டது. வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டு, தை பிறக்கும்வரை துடுப்பைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அம்மாவும் சின்னம்மாவும் ஏரியில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிப்பவர்கள். மழையில் ஏரி நிரம்பியதும் அதுவும் நின்றுபோயிற்று. எனக்கு ஒன்பது வயது இருக்கும். வீட்டில் ஒரு வேளைக் கஞ்சிதான். நைனா தன் பங்கைப் பசிக்கவில்லை என்று என் பக்கம் தள்ளுவார். நானும் அதை நம்பிக் குடித்துவிடுவேன்.

ஒரு காலையில் அம்மா சொன்னாள்: "தண்ணியில எறங்க முடியலன்னா தண்ணி மேல குந்திக்கினு புடிக்கலாம். ஒத்தக் கையால வல தூக்க வராதா ஒனக்கு?"

நைனா அன்று சாயங்காலமே இடது கையால் மணலில் படம் போட்டார். நான்கு கால்கள், மேலே ஒரு குடிசை, அதன் தரையில் ஓர் ஓட்டை. ஓட்டை வழியாக வலையை இறக்கித் தூக்க வேண்டும்.

நொறுங்கிய படகின் பலகைகளைப் படகின் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். தரைக்கு அது போதும். கால்களுக்குப் பனைமரம் பிளந்தோம். இரவல் தோணியில் நின்று நட்டதில் மூன்று கால்கள் சேற்றில் சமர்த்தாக இறங்கின. நான்காவது மட்டும் எப்படி நட்டாலும் சாய்ந்தது. கடைசியில் அதன் குறுக்கே ஒரு கட்டையைக் கட்டி, ஒரு பக்கம் அம்மாவும் மறு பக்கம் சின்னம்மாவும் நானும் தொங்கிக்கொண்டு ஆட்டினோம்.

"இன்னாம்மா, ஏரியில ஊஞ்சலா?" என்று கரையிலிருந்து பெரியப்பா கத்தினார். நைனாவுக்கு அண்ணன். ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கால் ஒரு முழம் உள்ளே போய்விட்டது. அதன் பிறகு நான் வேண்டுமென்றே இன்னும் வேகமாக ஆட்டினேன்.

கூரை வேய்ந்த மறுநாளே வாடைக்காற்று பிடித்தது. இரண்டு நாள் யாரும் வாசலைத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு பக்கத்து ஓலையைக் காணோம். குடிசை நின்றுகொண்டிருந்தது.

நைனாவைத் தோணியில் ஏற்றிக் கொண்டுபோய் ஓட்டையின் ஓரத்தில் உட்கார வைத்தோம். முதல் முறை வலையில் பாசிதான் வந்தது. இரண்டாம் முறை அதுவும் இல்லை. மூன்றாம் முறை வலை மேலே வர மறுத்தது. நைனா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். என் கால் நீளத்துக்கு ஒரு கொடுவா மீன் பலகையில் விழுந்து துள்ளியது. மறுபடி ஓட்டைக்குள் போய்விடாமல் இருக்க நான் அதன்மேல் குப்புற விழுந்தேன். நைனா போட்ட சத்தத்தில் கரையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். அன்று இரண்டு வேளையும் சோறு, அதுவும் குழம்போடு.

பத்து நாள் மீன் குறையவில்லை. பதினோராம் நாள் பெரியப்பா வந்தார். "ஏரியில வல போட அவனவனுக்கு மொறை இருக்குது. நீங்க ஒரே எடத்துல காலை நட்டுக்கினா மத்தவன் எங்க போவான்? அமாவாசைக்கு ஊர்க் கூட்டத்துல பேசிக்கலாம்" என்றார்.

அம்மா கோபப்படவில்லை. "சரி மாமா" என்றாள். மறுநாள் காலை அவர் வீட்டுக்கே போய், "ஒங்களுக்கும் ஒண்ணு கட்டித் தரேன், பனைய மட்டும் பொளந்து வைங்க" என்றாள்.

கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா கட்டிக்கொடுக்க, அமாவாசைக்குள் ஏரியில் ஆறு குடிசைகள் நின்றன. பெரியப்பாவின் குடிசைக்கு ஓட்டை எவ்வளவு அகலம் வேண்டும் என்று அளந்து காட்டியதே அம்மாதான். எனக்கு வயிறு எரிந்தது. காற்றில் தொங்கி ஆடியது நாங்கள், சிரித்தது அவர்கள். நான் அம்மாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

ஊர்க் கூட்டம் நடந்தது. குடிசைக்கும் குடிசைக்கும் கை விரித்து அளந்தால் எத்தனை பாகம் இடைவெளி விடவேண்டும் என்பதை மட்டும் மாலைவரை பேசினார்கள். குடிசையைப் பிடுங்கு என்று யாரும் சொல்லவில்லை, பெரியப்பா உட்பட. அம்மாவும் சின்னம்மாவும் தோள்மேல் கை போட்டுக்கொண்டு, ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டு வருபவர்கள்போல் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

உள்ளதையெல்லாம் ஊருக்குக் கொடுத்துவிட்டு இவளுக்கு என்ன சிரிப்பு என்று நினைத்தேன். அம்மா தட்டில் மீன் துண்டை வைத்தபோது, முகத்தைத் திருப்பிக்கொண்டே தின்றேன்.