தூங்கிப்போன நிரல்

ஒட்டன்சத்திரத்தில் முருகேசனின் காய்கறிக் குளிர்கிடங்கு மறுபடியும் நின்றுபோனபோது, ரூபிக்கு இந்த வேலையே வேண்டாம் என்றாகிவிட்டது. கிடங்கை இயக்கும் சிறு கணினிக்குக் கெர்னல், அதாவது மற்ற நிரல்களையெல்லாம் கட்டி மேய்க்கும் அடிப்படை நிரல், எழுதியவள் அவள்தான். காந்திகிராமத்தில் படித்துவிட்டு, சென்னைக்குப் போகாமல் திண்டுக்கல்லிலேயே ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தவள்.

"ஏனுங்க மேடம், உள்ள பீன்ஸு அப்படியே கெடக்குதுங்க. உங்களத்தான் நம்பியிருக்கேன்," என்றார் முருகேசன் போனில். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"வயரு லூசா இருக்கும்டி," என்றாள் உடன் வேலை பார்க்கும் ஷப்னம். வயரையெல்லாம் மாற்றியும் பார்த்தாயிற்று.

கிடங்கின் வெப்பநிலையைப் படிக்க ஒரு நிரல், அதைப் பார்த்துக் குளிரூட்டியை இயக்க இன்னொன்று. இரண்டுக்கும் தகவல் போய்வர ஒரே தடம்தான். சேர்ந்து நுழைந்தால் தகவல் குழம்பிவிடும். அதைத் தடுக்கத்தான் செமாஃபோர் என்ற காவல் ஏற்பாடு. கெர்னல் அதில் ஓர் எண்ணை வைத்திருக்கும். எண் ஒன்றாக இருந்தால் தடம் காலி. வருகிற நிரல் அதைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு உள்ளே போகும். பூஜ்ஜியமாக இருந்தால், கெர்னல் அந்த நிரலை வரிசையில் சேர்த்துத் தூங்க வைக்கும். உள்ளே இருப்பது வெளியே வரும்போது, தூங்குவதை எழுப்பிவிடும்; எதுவும் தூங்கவில்லையென்றால் எண்ணை மறுபடி ஒன்றாக்கிவிட்டுப் போகும்.

மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழாமல் ரூபி செமாஃபோருக்காகத் தான் எழுதிய வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணைப் பார்ப்பது ஒரு வரி. வரிசையில் சேர்த்துத் தூங்க வைப்பது அடுத்த வரி. இரண்டுக்கும் நடுவில் மற்ற நிரல் வெளியே வந்துவிட்டால்? வரிசையில் ஆளில்லை என்று யாரையும் எழுப்பாமல் போய்விடும். அதற்கப்புறம் வெப்பநிலை படிக்கும் நிரல் போய்த் தூங்கும்; எழுப்ப ஆளிருக்காது. வெப்பநிலை வராமல் குளிரூட்டி நிரலும் அசையாது.

அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் வேண்டுமென்றே சிறு தாமதத்தைப் புகுத்தி, மேசைமேல் இருந்த கணினியில் ஓடவிட்டாள். சற்று நேரத்தில் நின்றுபோனது.

"ஷப்னம், இங்க வாயேன். நின்னுபோச்சு."

"அதுக்கு ஏன்டி சிரிக்கிற?"

"இம்புட்டு நாளா கண்ணுல படாம நின்னுக்கிட்டிருந்துச்சுல்ல. இப்பத்தான் என் கண்ணு முன்னாடி நின்னுருக்கு."

பார்ப்பதும் தூங்க வைப்பதும் முடியும்வரை வேறு எதுவும் குறுக்கே வராதபடி கெர்னலைத் திருத்தினாள். எழுப்பும் பக்கத்தையும் அப்படியே மாற்றினாள். தாமதத்தை எடுக்காமலே ஓடவிட்டாள். பொழுது சாயும்வரை ஓடிற்று. மறுநாளே ஒட்டன்சத்திரம் போய், திருத்திய கெர்னலைக் கிடங்குக் கணினியில் ஏற்றிவிட்டு வந்தாள்.

ஒரு மாதம் கழித்துப் போனில் முருகேசன் பெயரைப் பார்த்ததும், எழுந்து மாடிப்படிக்கு வந்துதான் எடுத்தாள்.

"நிக்கவே இல்லீங்க மேடம். அதைச் சொல்லத்தான் கூப்புட்டேனுங்க."

"சரிங்கண்ணே," என்றவள், போனை வைத்துவிட்டுச் செத்த நேரம் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.