பூசணிக்குப் போன தண்ணீர்

குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். என் மகள் தவழ்கிற இந்தத் தரைக்கு அடியில், எட்டு வயதில் நான் பாழாக்கிய கற்கள் கிடக்கின்றன. தரை சில்லென்று இருக்கிறதே, சளி பிடிக்குமோ, பாய் விரிக்கலாமா, பாய்க்கோரை குத்துமோ என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள்.

அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டி, நாங்கள் பதினெட்டு இருளர் குடும்பங்கள் குடிசை போட்டிருந்தோம். பட்டா கிடைத்ததும், வீட்டை நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று அத்தை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு மனு எடுத்துப் போனாள். பக்கத்து ஊரில் எங்கள் சனத்துக்கு ஒரு காண்ட்ராக்டர் கட்டிக்கொடுத்த வீடுகளில் மழைக்கு ஆடுகூட நிற்காது. ஆட்களோ அந்த வீட்டை ஒட்டியே மறுபடி குடிசை போட்டுப் படுத்தார்கள். அதைப் பார்த்த எங்கள் பெண்கள், ஏரி மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து கை மெஷினில் அழுத்திக் கல் செய்யப் பழகினார்கள். இன்ஜினியர் வந்து கல்லைச் சரி என்றால் வேலை எங்களுக்கு. இல்லையென்றால் அதே காண்ட்ராக்டருக்கு.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரிசைக் கல். இறுகுவதற்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். எங்கள் வரிசை என் பொறுப்பு. சொன்னதைச் செய்கிற பிள்ளை என்று பெயர் வாங்கியவள் நான். தவறாமல் தண்ணீர் மொண்டு வந்தேன், கல்லில்தான் ஊற்றவில்லை. முந்தைய ஐப்பசியில் எங்கள் குடிசையின் மண்சுவர் மழையில் கரைந்து, அம்மா என்னை இழுத்துக்கொண்டு வெளியே ஓடியிருந்தாள். பெரியவர்கள் அதை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரத் தண்ணீரும் பக்கத்திலிருந்த பூசணிக்கொடிக்குப் போனது. தூறல் போட்ட அன்று அம்மாவின் பழைய புடவையைக் கல்லுக்குப் போர்த்தியும் விட்டேன்.

இன்ஜினியர் முதலில் எடுத்தது எங்கள் வரிசைக் கல். இடுப்பு உயரத்திலிருந்து கீழே விட்டார். பொலபொலவென்று உதிர்ந்தது. இன்னொன்று. அதுவும்.

"இதுல கட்டுனா எலிகூடக் குடியிருக்காதும்மா," என்றார்.

"எலி எங்க குடியிருக்கும்னு எங்களுக்குத் தெரியும் சார். எத்தினி வளைய நோண்டியிருக்கோம்," என்றாள் அத்தை. சிரிப்பு எழுந்து அடங்கியது. அவள் பூசணிக்கொடியைப் பார்த்தாள், பிறகு என்னை.

"தண்ணி ஊத்துனியாடி?"

"மண்ணாச்சே அத்தை. கரைஞ்சிடும்னு..."

"அதான பார்த்தேன், பூசணி இந்தக் காய் காய்க்குதேன்னு!" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அத்தை அடிக்கவில்லை. என்னை முன்னால் நிறுத்தி, தோளில் கை வைத்தாள்.

"சார், இது தண்ணி குடிக்காத கல்லு. அந்த வரிசை குடிச்ச கல்லு. இடுப்புலேர்ந்து வேணாம், தலைக்கு மேல தூக்கிப் போடுங்க."

அவர் தூக்கினார். அத்தையின் விரல்கள் என் தோளெலும்பில் அழுந்தின. இதுதான் எனக்குத் தண்டனை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கல் திம்மென்று விழுந்து, ஒருமுறை புரண்டு, முழுசாகக் கிடந்தது. இன்னும் நாலைந்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, "கட்டுங்க," என்றார்.

கட்டினார்கள். பதினெட்டு வீடும் நிற்கிறது. ஐப்பசியில் யாரும் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடுவதில்லை. என் கற்களை மட்டும் உடைத்து எங்கள் வீட்டுத் தரைக்கு அடியில் கொட்டினார்கள்.

நேற்று பாயை விரிப்பதும் சுருட்டுவதுமாக இருந்த என்னைப் பார்த்து அத்தை சிரித்தாள். உன் தைரியம் எனக்கு வராது என்றேன். தண்ணீர் குடித்த அந்த வரிசைக் கல்லை முன்னாலேயே எத்தனை தடவை போட்டுப் பார்த்திருந்தாய் என்றும் கேட்டேன்.

"ஒரு தடவகூட இல்ல. கஷ்டப்பட்டு செஞ்ச கல்ல யாராச்சும் கீழ போடுவாங்களா?"

"அப்ப பயமா இல்லியா அத்தை?"

"இல்லாம? அதான் உன்னப் புடிச்சிக்கினு நின்னேன்."